நாய் ஓயாமல் சொறிகிறதா? ஸ்டீராய்டு, ஓக்லாசிடினிப், லோகிவெட்மாப்: எது எப்போது?

ராத்திரி முழுக்கப் பாதத்தை நக்கிக்கொண்டும் காதைச் சொறிந்துகொண்டும் இருக்கும் நாய்க்கு அரிப்பை அடக்கப் பெரும்பாலும் மூன்று மருந்துகள் பேச்சில் வரும்: ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை, அப்போகுவெல் என்ற பெயரில் வரும் ஓக்லாசிடினிப் மாத்திரை, சைட்டோபாயிண்ட் எனப்படும் லோகிவெட்மாப் ஊசி. மூன்றும் அரிப்பைத்தான் அடக்கும், அரிப்பு எதனால் வந்தது என்பதை எதுவும் தீர்க்காது. "அந்த மாத்திரை எங்கள் நாய்க்குக் கேட்கவே இல்லை" என்ற புகாருக்குப் பாதி நேரம் இதுதான் காரணம்.

ஆகவே முதலில் தெள்ளுப்பூச்சி. பின்முதுகிலும் வால் அடியிலும் கடித்துக் கடித்து முடி கொட்டியிருந்தால் சந்தேகமே வேண்டாம். நெருக்கமான பல் உள்ள சீப்பால் வாரி, விழும் கறுப்புத் துகளை ஈரமான வெள்ளைத் தாளில் தேயுங்கள். செம்பழுப்பு நிறம் பரவினால் அது தெள்ளின் கழிவு, அதாவது செரித்த ரத்தம். காது ஓரம், முழங்கை, பின்காலின் குதி மூட்டு ஆகிய இடங்களில் பொருக்குத் தட்டி வெறிபிடித்ததுபோல் சொறிந்தால் சொறிப்பூச்சி இருக்கலாம். தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தாலும் அது பல முறை சிக்காது. அதனால் ஃப்ளூராலனர், அஃபாக்ஸோலனர் போன்ற மெல்லும் மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தே பல மருத்துவர்கள் முடிவுக்கு வருகிறார்கள். வலிப்பு வந்த நாய் என்றால் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வீட்டில் உள்ள மற்ற நாய்களையும் பூனைகளையும் விட்டுவிட்டு ஒன்றுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் பூச்சி திரும்பி வரும். நாய் மருந்தைப் பூனைக்குப் போடக் கூடாது. சில நாய் மருந்துகளில் இருக்கும் பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும்.

அடுத்தது ஈஸ்ட்டும் பாக்டீரியாவும். விரலிடுக்கில் பிசுபிசுப்பு, புளித்த வாடை, கறுத்துத் தடித்த தோல் இருந்தால் 2 முதல் 4 சதவீதக் குளோர்ஹெக்ஸிடின் ஷாம்பூ, கூடவே மைக்கோனசோல் கலந்ததாக இருந்தால் நல்லது. வாரம் இரண்டு முறை, குளிர்ந்த தண்ணீரில். நுரை தோலில் 10 நிமிடம் இருக்க வேண்டும். போட்ட கையோடு அலசிவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே செய்யுங்கள்.

இவ்வளவும் விலக்கிய பிறகும் பாதம், முகம், அக்குள், அடிவயிறு அரித்துக்கொண்டே இருந்தால் ஒவ்வாமை. இங்கேதான் மூன்று மருந்துகளின் போட்டி.

ப்ரெட்னிசோலோன் மலிவு, எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும், ஒரே நாளில் அடக்கும். சிவந்து வீங்கிய காதுக்கும் தடித்த தோலுக்கும் இதன் வேகம் மற்ற இரண்டுக்கும் கிடையாது. வழக்கமான தொடக்க அளவு கிலோவுக்கு 0.5 முதல் 1 மில்லிகிராம். 20 கிலோ நாய்க்கு நாளொன்றுக்கு 10 முதல் 20. சில நாள் கொடுத்துவிட்டு, படிப்படியாகக் குறைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் என்று கொண்டுவந்து நிறுத்துவார்கள். நீண்ட நாள் கொடுத்ததைச் சட்டென்று நிறுத்தினால் உடல் தானாகச் சுரக்கும் ஹார்மோன் ஈடுகொடுக்காது. மருந்து கொடுக்கும் நாட்களில் நாய் தண்ணீர் குடித்துக் குடித்து வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழிக்கும், தட்டை நக்கிக்கொண்டே நிற்கும். அது நாயின் குறும்பு அல்ல, மருந்தின் வேலை. மெலாக்ஸிகாம் போன்ற வலி மாத்திரையோடு சேர்ந்தால் வயிற்றுப்புண் வரும். முடிவேரில் வாழும் டெமோடெக்ஸ் என்ற நுண்பூச்சி உள்ள நாய்க்குக் கொடுத்தால் அது உடம்பெல்லாம் பரவும். வருடக்கணக்கில் கொடுப்பதற்கு இது மருந்தல்ல. ஒரு கடுமையான வாரத்தைக் கடக்க இதைவிடச் சிக்கனமான வழியும் இல்லை.

ஓக்லாசிடினிப் சில மணி நேரத்தில் வேலையைத் தொடங்கும். கிலோவுக்கு 0.4 முதல் 0.6 மில்லிகிராம், முதல் 14 நாள் வரை தினம் இரண்டு வேளை, பிறகு ஒரு வேளை. இந்த மாற்றத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள்: 15-ஆம் நாள் அரிப்பு கொஞ்சம் தலைதூக்கும், மருந்து தோற்றுவிட்டது என்று நினைத்து விட்டுவிடுவார்கள். ஓரிரு வாரம் பொறுத்துப் பாருங்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குட்டிக்கும் கடுமையான தொற்று உள்ள நாய்க்கும் கூடாது. நீண்ட நாள் கொடுத்தால் இடையிடையே ரத்தப் பரிசோதனை வேண்டும். தண்ணீர்த் தாகம் இல்லை என்பது பெரிய நிம்மதி. தினம் மாத்திரை, தினம் செலவு என்பது சுமை.

லோகிவெட்மாப் முழுக்க வேறு வகை. அரிப்புச் செய்தியை நரம்புக்குக் கொண்டுபோகும் இன்டர்லூக்கின்-31 என்ற ஒரே புரதத்தைப் பிடித்து நிறுத்தும் எதிர்ப்பொருள் இது. தோலுக்கு அடியில் ஓர் ஊசி, பொதுவாக 4 முதல் 8 வாரம் தாங்கும். கல்லீரல், சிறுநீரகம் வழியாகச் சிதைவதில்லை என்பதால் வயதான நாய்க்கும், வேறு மருந்து சாப்பிடும் நாய்க்கும், மாத்திரையைத் துப்பும் நாய்க்கும் என் முதல் தேர்வு இதுதான். ஆனால் அரிப்பு அந்தப் புரதத்தின் வழியாக வராத நாய்க்குப் பலன் சுமார்தான், வீங்கிய காதை இது பெரிதாக மாற்றாது. சில நாய்களுக்கு நாளடைவில் பலன் குறையும். மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரிலேயே இருக்க வேண்டும். பெரிய நாய்க்கு எடைக்கேற்ப அளவு கூட, விலையும் ஏறும். பரிசோதனையாக ஓர் ஊசி போட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

மனிதர்கள் போடும் ஒவ்வாமை மாத்திரை செட்டிரிசின்? பாதுகாப்பானது, மலிவானது, பெரும்பாலும் வீண். நாயின் ஒவ்வாமை அரிப்பில், அது தடுக்கும் ஹிஸ்டமினுக்குப் பங்கு குறைவு. சூடோஎஃபெட்ரின் கலந்த சளி மாத்திரையைத் தவறியும் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள், அது நாய்க்கு விஷம்.

வருடம் முழுக்க, எந்தப் பருவத்திலும் குறையாத அரிப்பு என்றால் சாப்பாட்டையும் சோதிக்க வேண்டும்: இதுவரை தின்னாத ஓர் இறைச்சி, ஒரு மாவுச்சத்து, வேறு எதுவும் இல்லாமல் 8 வாரம். பிஸ்கட் ஒன்று தந்தாலும் கணக்கு புதிதாகத் தொடங்கும். முதல் சில வாரம் அரிப்பை அடக்க ஸ்டீராய்டோ ஓக்லாசிடினிப்போ கொடுக்கலாம், பின் நிறுத்திப் பார்த்தால் உண்மை தெரியும். லோகிவெட்மாப் ஊசியாக இருந்தால் ஒரு மாதத்துக்கு மேல் உடம்பிலேயே இருந்து கணக்கைக் குழப்பும்.