ஏழு துளைகள் உண்டு, கிராபிக்ஸ் கார்டுக்கு இடமில்லை: மேக் ப்ரோ 2023

ஆப்பிளின் 2023 மேக் ப்ரோ மேசைக்கணினியை விரிவாக்கத்துக்காகவே வாங்க நினைப்பவர், அதற்குள் எதைச் செருகப்போகிறோம் என்பதை முதலில் முடிவுசெய்துகொள்ள வேண்டும். உள்ளே ஏழு பிசிஐஇ துளைகள், அதாவது கூடுதல் அட்டைகளைச் செருகும் இடங்கள், இருக்கின்றன. அவற்றில் ஒன்றை ஆப்பிளின் சொந்த இணைப்பு அட்டையே பிடித்துக்கொள்வதால், நமக்கு மிஞ்சுவது ஆறு. சேமிப்பகம், ஒலிப்பதிவு, எஸ்டிஐ (தொழில்முறை கேமராக்களின் கம்பிவழி) காணொளி, நெட்வொர்க் அட்டைகளுக்கு அவை தாராளம். ஆனால் தனி கிராபிக்ஸ் கார்டை இது ஏற்காது. நினைவகமும் (ராம்) ஆப்பிளின் எம்2 அல்ட்ரா சிப்போடு இணைந்தே வருகிறது. வாங்கும்போது தேர்ந்தெடுத்த அளவு, அதிகபட்சம் 192 ஜிபி, இறுதிவரை அப்படியே இருக்கும். 2019 மாடலில் 12 நினைவகத் துளைகளும் 1.5 டிபி வரையிலான கொள்ளளவும் இருந்ததை நினைத்தால் இது பெரிய பின்னடைவுதான்.

வெளிக்கருவிகளை அதிவேகமாக இணைக்கும் எட்டு தண்டர்போல்ட் 4 போர்ட்டுகள் இருக்கையில் உள்துளை எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். ஒரு தண்டர்போல்ட் 4 இணைப்பின் வேகம் ஒரு திசையில் நொடிக்கு 40 ஜிகாபிட், அதாவது 5 ஜிகாபைட். உள்ளிருக்கும் நான்காம் தலைமுறை x16 (16 தடங்கள் கொண்ட) பிசிஐஇ துளையோ ஒரு திசையில் நொடிக்கு ஏறத்தாழ 32 ஜிகாபைட் கடத்தக்கூடியது. தவிர, அட்டைகளை வெளியே வைத்து இணைக்கும் பெட்டி ஒவ்வொன்றும் தனி மின்கம்பியையும் பெரும்பாலும் ஒரு விசிறி இரைச்சலையும் மேசைக்குக் கொண்டுவரும். மென்பொருள் உரிமச் சாவியைச் செருகப் பெட்டிக்குள்ளேயே ஒரு யுஎஸ்பி-ஏ போர்ட் வைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்தது. அட்டை எதுவும் தேவைப்படாதவருக்கு இதே சிப்புடன் 2023-ல் வெளிவந்த சிறிய மேசைக்கணினியான மேக் ஸ்டூடியோவே போதும்.