வேதம்: சொல்லுக்குச் சொல் கடவுள் பேசியதா, மனிதர் வழியாக வந்ததா?

எங்கள் பெரம்பூர் வீட்டில் இரண்டு பைபிள் உண்டு. ஒன்று அம்மா சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கும் பழைய வேதாகமம். இன்னொன்று 1995இல் வெளிவந்த திருவிவிலியம், என் மனைவி கல்யாணமாகி வரும்போது கொண்டு வந்தது. யோவானின் முதல் வசனம் அதில் ‘வார்த்தை’, இதில் ‘வாக்கு’. எழுத்துக்கு எழுத்து கடவுள் சொன்னதுதான் என்பவர்களிடம் என் முதல் கேள்வி: எந்த எழுத்து?

பதில் வைத்திருக்கிறார்கள். பிழையில்லை என்பது மூலப்பிரதிக்குத்தான் என்று, வேதத்தில் பிழையே இல்லை என்று வாதிடும் கிறிஸ்தவ அறிஞர்கள் 1978இல் வெளியிட்ட சிகாகோ அறிக்கையே சொல்கிறது. ஆனால் புதிய ஏற்பாட்டில் கடிதங்கள் எழுதிய பவுலின் கையிலிருந்து போன கடிதம் எதுவும் இன்று இல்லை. இருப்பவை நகலின் நகல்கள். அவற்றைத் தமிழாக்க 18ஆம் நூற்றாண்டில் இதே ஊரின் வேப்பேரியில் பெப்ரீஷியஸ் பாதிரியார் ஆண்டுக்கணக்கில் சொல் சொல்லாகத் தேடினார். மனிதக் கை படாத பக்கம் ஒன்றுகூட நம்மிடம் வந்து சேரவில்லை.

ஆனாலும் சொல்லுக்குச் சொல் நம்புகிறவர்களை நான் லேசாக நினைக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் விடிய விடிய உட்கார்ந்திருப்பவருக்கு ‘நான் உன்னைவிட்டு விலகுவதுமில்லை’ என்ற வரியைக் கடவுளே தன்னிடம் சொல்வதாகக் கேட்டால்தான் பிடிமானம். உருவகம், வரலாற்றுச் சூழல் என்ற விளக்கமெல்லாம் அந்த நேரத்தில் யாருக்கு வேண்டும்?

அதே நம்பிக்கைதான் எங்கள் அத்தையின் கால் விரலையும் எடுத்தது. ஒரு ஜெபக்கூட்டத்தில், ‘அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்’ என்று எழுதியிருக்கிறதே, அப்புறம் சர்க்கரை மாத்திரை எதற்கு என்று கேட்டிருக்கிறார்கள். அத்தை நிறுத்திவிட்டார். சில மாதத்தில் கட்டைவிரலில் புண், பிறகு ஆபரேஷன். நர்ஸ் கட்டைப் பிரிக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “என் விசுவாசம் பத்தலையாப்பா?” என்று கேட்டார். வலியைவிட அந்தக் கேள்விதான் அவரைத் தின்றுகொண்டிருந்தது. 1 தீமோத்தேயு 5:23ஐ எடுத்து வாசித்தேன். வயிற்றுக்காகவும் அடிக்கடி வரும் பலவீனத்துக்காகவும் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்று ஊழியக்காரரான தீமோத்தேயுவுக்குச் சொல்லும் வசனம். விசுவாசம் குறைவு என்று அங்கே ஒரு வார்த்தை இல்லை. அத்தை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

கடவுள் ஏவினார், மனிதர் தங்கள் மொழியிலும் காலத்திலும் நின்று எழுதினார்கள் என்பது அடுத்த பார்வை. நான் இந்தப் பக்கம். காரணம், வேதமே அப்படித்தான் பேசுகிறது. எல்லாவற்றையும் ஆதிமுதல் விசாரித்து எழுதுகிறேன் என்கிறார் லூக்கா. ‘கர்த்தர் அல்ல, நானே சொல்லுகிறதாவது’ என்கிறார் பவுல், 1 கொரிந்தியர் 7:12இல். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் மத்தேயுவில் நான்றுகொண்டு சாகிறான். அப்போஸ்தலர் நடபடிகளில் தலைகீழாக விழுந்து வயிறு வெடித்துச் சாகிறான். கயிறு அறுந்து விழுந்தான் என்று இரண்டையும் ஒட்டவைக்கிறார்கள். அறுந்த கயிறு எந்த வசனத்திலும் இல்லை. எழுத்தைக் காப்பாற்ற எழுத்தில் இல்லாததைச் சேர்க்க வேண்டியிருக்கிறது!

1965இல் கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் வேதத்தை எழுதிய மனிதர்களை உண்மையான ஆசிரியர்கள் என்றே சொன்னது. தமிழருக்கு இது புதிதும் இல்லை. இலம்பையங்கோட்டூர் பதிகத்தில் சம்பந்தர் ‘எனதுரை தனதுரையாக’ என்று பாடுகிறார். என் பேச்சு, ஆனால் அவன் பேச்சு. இரண்டும் ஒரே வாயில்.

வெறும் பழைய இலக்கியம் என்று ஒதுக்கும் மூன்றாவது பார்வையும் உண்டு. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற எனக்கு அது ஒத்து வராது.

என் பக்கத்துக்கும் ஒரு ஓட்டை இருக்கிறது. எது அந்தக் காலத்துப் பேச்சு, எது கடவுளின் கட்டளை என்று பிரிப்பது யார்? பணக்காரன் கடவுளின் ராஜ்யத்தில் நுழைவதைவிட ஒட்டகம் ஊசிக்காதில் நுழைவது எளிது என்ற வசனம், கையில் காசு சேர்ந்தவுடன் உருவகமாகிவிடுகிறது; அடுத்தவரின் பாவத்தைப் பற்றிய வசனம் மட்டும் எழுத்துக்கு எழுத்து நிற்கிறது. நானும் இதைச் செய்திருக்கிறேன். அதனால் ஒரு வசனத்தை ‘அந்தக் காலத்து வழக்கம்’ என்று தள்ளுவதற்கு முன், அது எனக்கு வசதியாக இருப்பதால் தள்ளுகிறேனா என்று கேட்டுக்கொள்கிறேன். பல நாள் பதில் சங்கடமாகத்தான் வருகிறது.