ஃபைஸ்ட்டின் 'மெட்டல்ஸ்': வாங்கலாமா?

கனடாவின் கல்கரி நகரில் பள்ளிப் பருவத்திலேயே பங்க் ராக் இசைக்குழுவொன்றில் தொண்டை கிழியப் பாடிக் குரலைப் புண்ணாக்கிக்கொண்ட பாடகி லெஸ்லி ஃபைஸ்ட், பின்னர் டொராண்டோவுக்குக் குடிபெயர்ந்து, பாட இயலாத காலத்தில் கிதாரைக் கையில் எடுத்தார். அவருடைய பாடல்களில் குரல் உச்சத்தைத் தொடப்போகும் இடத்தில் சட்டெனத் தணிந்துவிடுவதற்கு அந்தப் பழைய காயமும் ஒரு காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

2007இல் ஐபாட் நானோ விளம்பரத்தில் ஒலித்த பாடலால் உலகமே அவரை அறிந்தது. அது இடம்பெற்ற 'தி ரிமைண்டர்' பாடல் தொகுப்பு, மறு ஆண்டு அதே கல்கரியில் நடந்த விழாவில் கனடாவின் இசை விருதுகளான ஜூனோ விருதுகளில் ஐந்தை அள்ளியது. அந்தச் சூட்டோடு அதே பாணியில் இன்னொன்றை வெளியிட்டிருந்தால் கல்லா நிறைந்திருக்கும். அவரோ சில ஆண்டுகள் ஒதுங்கியிருந்து, கலிஃபோர்னியாவின் பிக் சர் கடலோரத்தில் பதிவுசெய்த 'மெட்டல்ஸ்' தொகுப்பை 2011இல் வெளியிட்டார். மறு ஆண்டு அதற்கு, கனடாவின் சிறந்த பாடல் தொகுப்புக்கான போலாரிஸ் பரிசு கிடைத்தது.

பன்னிரண்டு பாடல்கள். முதல் பாடலிலேயே முரசு கனமாக இறங்குகிறது. 'எ கமோஷன்' பாடலில் அவர் தாழ்ந்த குரலில் பாடிக்கொண்டிருக்கையில், ஆண்கள் கூட்டமாகத் தலைப்பை உரக்கக் கத்துவது தூக்கிவாரிப் போடுகிறது. 'சிக்காடாஸ் அண்ட் கல்ஸ்' இதற்கு நேரெதிர்: கிதாரும் குரலும் தவிர ஏறக்குறைய வேறெதுவும் இல்லை. சத்துவாச்சாரியில் அக்னி நட்சத்திர வெயிலில், மின்விசிறி முழு வேகத்தில் சுழலும் அறையில் இதைக் கேட்க முயல்வது வீண். பாதிப் பாட்டை விசிறியே விழுங்கிவிடும். நல்ல ஹெட்ஃபோனில், இரவு பத்து மணிக்கு மேல் கேட்டால், நரம்பின் மீது விரல் நகரும் உரசல்கூடத் தெளிவாகக் கேட்கிறது.

குறையும் உண்டு. நடுப்பகுதியில் மெதுவான பாடல்கள் அடுத்தடுத்து வருவதால் தொகுப்பு சற்றுத் தொய்கிறது. விளம்பரப் பாட்டின் துள்ளலை எதிர்பார்த்து வருபவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும். வெளிநாட்டிலிருந்து வரும் குறுந்தகடு என்பதால் விலையும் கூடுதல்தான். ஆகவே முதலில் ஸ்ட்ரீமிங்கில் முழுத் தொகுப்பையும் வரிசை மாற்றாமல் ஒருமுறை கேட்டுவிட்டு முடிவு செய்வது நல்லது. காட்பாடிப் பக்கம் கல்லூரி விடுதிகளில் கிதார் பழகும் பிள்ளைகள் மட்டும் யோசிக்காமல் வாங்கலாம். குறைந்த சுரங்களைக் கொண்டு ஒரு பாட்டை எப்படித் தாங்கி நிறுத்துவது என்பதை இதைக் கேட்டே கற்றுக்கொள்ளலாம்.