சீட் மின்னினால் உஷார்: சேலத்தில் ஒரு ‘லெதர் ட்ரீட்மென்ட்’

பீஜ் நிற லெதர் சீட், ஏழு வருஷக் கார். சேலம் டவுனுக்குள் இருக்கும் ஒரு டீடெய்லிங் கடையில் (காரை உள்ளும் புறமும் சுத்தம் செய்து மெருகேற்றும் கடை) ‘ஃபுல் லெதர் ட்ரீட்மென்ட்’ என்று ரூ.5,500 வாங்கினார்கள். வண்டியை விட்டது காலை 10 மணிக்கு. ‘ரெடிங்க, வந்து எடுத்துக்கோங்க’ என்று போன் வந்தது 11.15-க்கு. அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். முன்னும் பின்னும் எல்லா சீட்டையும் ஒழுங்காகத் துடைத்து, காயவிட்டு, பூசி முடிக்க ஒரு ஆளுக்கு மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும்.

சீட் வார்னிஷ் அடித்த கதவு மாதிரி மின்னியது. ‘கண்டிஷனர் நல்லா உள்ள எறங்கியிருக்குதுங்க சார், அதான் இந்த ஷைனிங்’ என்றார் கடைக்காரர். கண்டிஷனர் என்பது தோல் மிருதுவாக இருக்கப் பூசும் மருந்து. மூன்றே வாரத்தில் டிரைவர் சீட்டின் கதவுப் பக்க மேட்டில், ஏறி இறங்கும்போது தொடை உரசும் இடத்தில், நிறம் உரிந்து அடியில் நீலச்சாம்பல் தோல் எட்டிப் பார்த்தது. குரோமிய உப்பில் பதப்படுத்திய தோலின் அடி நிறம் அது. திரும்பப் போய்க் கேட்டால், ‘பழைய லெதர்னா அப்படித்தாங்க. நம்மூர் வெயில் வேற.’

வெயில் மேல் பழி போடுவது சுலபம். நடந்தது வேறு.

இன்றைய கார்களில் வரும் லெதர் பெரும்பாலும் பூச்சில்லாத வெறும் தோல் இல்லை. தோலின் மேல் நிறப்பூச்சு, அதற்கும் மேல் பாலியூரித்தேன் என்ற நிறமற்ற மெல்லிய பூச்சு. நீங்கள் தொடுவது அந்த மேல்பூச்சைத்தான். அது முழுசாக இருக்கும்வரை எந்தக் கண்டிஷனரும் தோலுக்குள் இறங்காது. இறங்கியதாகச் சொன்னால் ஒன்று பொய், இல்லையென்றால் பூச்சு ஏற்கெனவே போய்விட்டது. மின்னியது சிலிக்கான் எண்ணெய். டேஷ்போர்டுக்கும் டயருக்கும் அடிக்கும் அதே சமாச்சாரம். ஒரிஜினல் கார் லெதர் மங்கலாகத்தான் இருக்கும். பழைய சீட் மின்னுகிறது என்றாலே அழுக்கோ எண்ணெயோ படிந்திருக்கிறது என்று அர்த்தம்.

உரிந்ததற்குக் காரணம் அதற்கு முந்தின கட்டம், கழுவியது. லேபிள் இல்லாத 5 லிட்டர் கேனிலிருந்து ஊற்றிய ஊதா நிறத் திரவம். வண்டிக்குள் ஒரு மூலையில் அதன் சொட்டு காயாமல் கிடந்தது. வெள்ளைத் தாளில் மஞ்சள் தூளைக் குழைத்துத் தேய்த்து, காய்ந்ததும் அந்தச் சொட்டைத் தொட்டு வைத்ததில், ஆரத்தி கரைக்கும்போது சுண்ணாம்பு பட்ட மஞ்சள் போல ‘சுருக்’கென்று சிவந்தது. அமிலத்துக்கு நேர் எதிரான காரம் அது. தோல் இயல்பிலேயே லேசான அமிலத் தன்மை கொண்டது, அதற்கான கிளீனரின் பிஹெச் (அமில-கார அளவு; 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 5-லிருந்து 7-க்குள் இருப்பதே நல்லது. எஞ்சினுக்கும் வீலுக்கும் செய்த காரக் கிளீனரைத் தண்ணீர் கலக்காமல் அடித்து, கடினமான பிரஷ்ஷால் தேய்த்தால் அழுக்கோடு மேல்பூச்சும் கிளம்பும். அந்த இடத்தில் எண்ணெய் தடவியதால் கையில் கொடுக்கும்போது தெரியவில்லை. எண்ணெய் தேய்ந்ததும் குட்டு வெளிப்பட்டது. இந்த மஞ்சள் சோதனையைக் கடையிலேயே செய்யலாம். ஒரு துளி கேட்டால் கொடுக்கத் தயங்குகிற கடையில் சாவியைக் கொடுக்காதீர்கள்.

பில்லில் இன்னொரு வேடிக்கை. ஐந்து சீட்டுக்கும் லெதர் ரேட். இந்த மாடலில் உட்காரும் பாகமும் சாயும் பாகமும் அவற்றின் ஓர மேடும்தான் தோல், வெளிப் பக்கவாட்டும் பின்முதுகும் ரெக்சின். பல கம்பெனிகள் அப்படித்தான் செய்கின்றன, சில மாடல்களில் முழுக்கவே ரெக்சின், பெயர் மட்டும் லெதரெட். சீட்டுக்கு அடியில் ஓரம் மடித்த இடத்தைத் திருப்பிப் பாருங்கள்: பின்பக்கம் நூல் வலை தெரிந்தால் ரெக்சின், பஞ்சு மாதிரி நார் பிசிறினால் தோல். ரெக்சினுக்குக் கண்டிஷனர் தண்டச் செலவு. மிதமான சோப்புத் தண்ணீர் போதும்.

துளைபோட்ட முன் சீட்டின் கதை தனி. நுரையை நேராக சீட் மேலேயே அடித்திருக்கிறார்கள். துளைகள் வழியே தண்ணீர் ஸ்பாஞ்சுக்கு இறங்கியது. மிச்ச கண்டிஷனர் துளைகளிலேயே காய்ந்து, வரிசை வரிசையாகப் புள்ளிக்கோலம் வைத்த மாதிரி வெள்ளையாக நின்றது. ஒவ்வொன்றையும் பல்குச்சியால் குத்தி எடுக்க வேண்டியிருந்தது, ஒரு சீட்டுக்கே இரண்டு மணி நேரம். அந்த ஈரத்தோடு வண்டி ஏற்காடு போனது. 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் பனிமூட்டத்தில் கண்ணாடியை மூடி நான்கு நாள் நிறுத்தியதில் தையல் ஓரங்களில் பூஞ்சை, கதவைத் திறந்தால் ஊறிய சாக்கு வாசனை. மலையில் வண்டி வைத்திருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: அங்கே சீட்டைக் கெடுப்பது வறட்சி இல்லை, ஈரம். எண்ணெய்ப் பசையைக் கூட்டக் கூடாது.

முறையான வேலை இப்படி இருக்கும். முதலில் வாக்குவம், மென்மயிர் மூக்கு போட்டு. தையலை இரண்டு விரலால் விரித்து உள்ளே இருக்கும் மண்ணை இழுக்க வேண்டும். சேலத்தில் வெள்ளைக்கல் (மேக்னசைட்) வெட்டும் மாமாங்கம், கருப்பூர் பக்கம் தினமும் போகிற வண்டியில் அந்தக் கல் தூசி சேரும். அதை எடுக்காமல் ஈரத்துணி போட்டால் உப்புத்தாள் தேய்த்த கதைதான். பிறகு கிளீனரைப் பிரஷ்ஷில் இரண்டு மூன்று அழுத்து. துளை சீட் என்றால் துணியில் மட்டும். ஒரு சாண் அகலம் எடுத்து லேசாக வட்டமாகத் தேய்த்து, நுரை பழுப்பானதும் ஈர மைக்ரோஃபைபரால் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்ற வேண்டும். துணியில் வருவது பழுப்பு என்றால் அழுக்கு. சீட்டின் நிறமே வந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். வெள்ளையாக இருக்கும் மேஜிக் ஸ்பாஞ்ச் ஒரு நைசான உப்புத்தாள், பக்கத்திலேயே விடாதீர்கள். ஸ்டீமும் வேண்டாம், ஈரத்தோடு சூடு சேர்ந்தால் தோல் சுருங்கும்.

நிழலில் கதவைத் திறந்து ஒரு மணி நேரம் காய்ந்த பிறகு, தண்ணீர் அடிப்படையிலான பாதுகாப்புப் பூச்சு. ஒரு பாகத்துக்கு ஐந்து ரூபாய் நாணயம் அளவு, பத்து நிமிடம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். முழு வண்டிக்கு 50, 60 மில்லி தாண்டாது. இதன் வேலை தோலுக்கு ஊட்டம் கொடுப்பதல்ல. உரசலும் ஜீன்ஸ் சாயமும் மேல்பூச்சைப் பிடிக்காமல் தடுப்பது. வருஷத்துக்கு இரண்டு முறை போதும், துடைப்பதுதான் அடிக்கடி வேண்டும். தேங்காய் எண்ணெய் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: சிக்கு வாடை வரும், வேட்டியில் கறை வரும், வேறொன்றும் வராது.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் ஒரு டிஷ்யூ பேப்பரை சீட்டில் பத்து நிமிடம் அழுத்தி வைத்து எடுங்கள். பஜ்ஜி பொட்டலம் மாதிரி திட்டு தெரிந்தால் எண்ணெய் இருக்கிறது. மேலே மறுபடி நிறம் அடிக்க அவசரப்பட வேண்டாம். சிலிக்கான் மிச்சமிருந்தால் புதுப் பூச்சு ஒட்டாமல் அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக விலகும். மிதமான கிளீனரால் நாள்விட்டு நாள் துடைத்து, டிஷ்யூ சுத்தமாக வரும்வரை காத்திருக்க வேண்டும்.

பில்லையும், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களையும் தூக்கிப் போடாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. சேலத்திலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. நம் பில்லில் போட்ட மருந்தின் பெயர் இல்லை, ‘லெதர் கண்டிஷனிங் - 1’ என்று மட்டும் இருந்தது. பெயரை எழுதித் தரச் சொல்லிக் கேட்டதற்கு இன்றுவரை ‘நாளைக்கு வாங்க சார்’தான்.