பதினாறாம் நாள் முடிந்த பிறகு: மூன்று நாவல்கள்

கேதத்துக்கு வருகிறவர்கள் பெரியவர்களோடுதான் உட்கார்ந்து பேசுவார்கள். பதினைந்து வயசுப் பிள்ளைக்குக் கிடைப்பது தலையில் ஒரு தடவல், "இனி நீதான் அம்மாவப் பாத்துக்கணும்" என்று ஒரு வாக்கியம். பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் பஸ் ஏறிய பிறகுதான் அந்தப் பிள்ளைக்கு யாராவது வேண்டியிருக்கும். அப்போது கையில் கொடுக்க ஆங்கில இளையோர் நாவல்களில் மூன்றைப் பலரும் சொல்கிறார்கள். மூன்றும் சாவைப் பற்றியவைதான். ஆனால் ஒன்று சாவுக்கு முன்னால் நடக்கிறது, மற்ற இரண்டும் பின்னால். என் கணக்கில் எதைக் கொடுப்பது என்பதை முடிவு செய்வது இதுதான்.

பேட்ரிக் நெஸ்ஸின் 'எ மான்ஸ்டர் கால்ஸ்' (2011) முதல் வகை. கரு ஷிவான் டவுட் என்ற எழுத்தாளருடையது. எழுதி முடிக்குமுன் 2007-இல் மார்பகப் புற்றுநோயில் இறந்துபோனார். பதின்மூன்று வயது கானரின் அம்மாவுக்கும் புற்றுநோய். இரவு 12:07-க்கு ஒரு மரப்பூதம் வந்து மூன்று கதை சொல்கிறது, நான்காவதை அவன் சொல்ல வேண்டும் என்கிறது. அவன் மறைத்து வைத்திருப்பது ஒரே ஒரு உண்மை: இந்தக் காத்திருப்பு முடிந்து தொலையட்டும் என்று அவன் மனசு ஒரு கணம் நினைத்துவிட்டது. பெரியாஸ்பத்திரி வார்டுக்கும் வீட்டுக்கும் மாசக்கணக்கில் அலைந்த எந்தப் பிள்ளைக்கும் இது புரியும்.

எனக்குப் பிடித்தது இன்னொரு இடம். கானர் பாட்டி வீட்டு வரவேற்பறையை அடித்து நொறுக்குகிறான், யாரும் தண்டிக்கவில்லை. தத்தனேரிச் சுடுகாட்டில் கொள்ளி வைத்துவிட்டு மொட்டைத் தலையோடு பள்ளிக்கூடம் திரும்பும் பையனிடமும் வாத்தியார்கள் வீட்டுப்பாடம் கேட்பதில்லை. அந்தக் கரிசனமே அவனைத் தனியாக ஒதுக்கி உட்காரவைக்கிறது என்பது பெரியவர்களுக்குத் தெரிவதில்லை. ஆனாலும் ஆறின பிறகு கொடுக்க வேண்டிய புத்தகம் இது. முதல் மாசத்தில் வேண்டாம், கடைசிப் பக்கங்கள் நேராக நெஞ்சில் கை வைக்கும்.

ஹாலி கோல்ட்பெர்க் ஸ்லோனின் 'கவுன்டிங் பை செவன்ஸ்' (2013) மூன்றில் மென்மையானது. வளர்ப்புப் பெற்றோர் இருவரும் விபத்தில் போய்விட, பன்னிரண்டு வயது வில்லோவை முன்பின் தெரியாதவர்கள் சேர்ந்து தாங்கிக்கொள்கிறார்கள். நகப்பூச்சுக் கடை நடத்தும் ஒரு வியட்நாமியப் பெண்மணி, ஒரு டாக்சி ஓட்டுநர், வேலையில் அக்கறையே இல்லாத ஒரு ஆலோசகர். படிக்கச் சுகமாக இருக்கிறது. ஆனால் கடைசியில் பணமும் வீடும் வந்து எல்லாம் பொருந்திவிடுவது நம் பழைய படங்களின் கிளைமாக்ஸ் மாதிரி. ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குச் சரி. பத்தாம் வகுப்புக்காரி சிரித்துவிடுவாள்.

எலிசபெத் அசெவெடோவின் 'கிளாப் வென் யூ லேண்ட்' (2020) பக்கம்தான் நான். 2001 நவம்பர் 12 அன்று நியூயார்க்கிலிருந்து டொமினிக்கன் குடியரசுக்குக் கிளம்பிய விமானம் விழுந்து 265 பேர் இறந்தார்கள். அதிலிருந்து பிறந்த கற்பனை. செத்துப்போன அப்பாவுக்கு இரண்டு நாட்டில் இரண்டு குடும்பம், இரண்டு பெண்கள். ஒருத்திக்கு மற்றவள் இருப்பதே தெரியாது.

மேலூர், சிவகங்கைப் பக்கம் வருஷத்துக்கு ஒரு தடவை அப்பா துபாயிலிருந்து வரும் வீடுகளுக்கு இது அந்நியக் கதை இல்லை. அங்கே ஒரு சாவு என்றால் உடல் வந்து சேருவதற்கே காகிதங்கள் நகர வேண்டும். நாவலிலும் அப்படித்தான்: உடல் எந்த மண்ணுக்கு, நஷ்டஈடு யாருக்கு, இனி ஸ்கூல் பீஸ் யார் கட்டுவது. டொமினிக்கன் குடியரசில் இருக்கும் மகள் கமினோவுக்கு அப்பாவோடு சேர்ந்து அவளுடைய பாதுகாப்பும் போய்விடுகிறது. ஒரு ஆள் அவளைப் பின்தொடர ஆரம்பிக்கிறான். நியூயார்க்கில் இருக்கும் யஹாய்ராவோ அப்பாவின் ரகசியம் தெரிந்து அவரோடு பேசுவதையே நிறுத்தியிருந்தவள். செத்தவர்மேல் கோபம் இருக்கலாமா? இழவு வீட்டில் இதை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை, "நல்ல மனுஷன்" என்றுதான் முடிப்பார்கள். கோபத்தையும் பாசத்தையும் ஒன்றாக வைத்துக்கொண்டே அந்தப் பெண்கள் அடுத்த ஏற்பாடுகளைப் பார்க்கிறார்கள். மற்ற இரண்டிலும் இந்த அளவுக்கு இல்லாதது இந்தப் பணமும் காகிதமும். பிழைப்பை மறுபடி கட்டுவது என்றால் பாதி அதுதானே.

குறைகளும் உண்டு. கமினோவைத் தொடரும் ஆள் வரும் பகுதிகள் பயமுறுத்தும், அதனால் பதினான்கு வயசுக்குக் கீழே வேண்டாம். யஹாய்ராவின் காதலி ஒரு பெண். அதற்கு முகம் சுளிக்கும் வீடுகளும் இருக்கும், அந்தக் காரணத்துக்காகத் தள்ள நான் சொல்லமாட்டேன். நடுநடுவே ஸ்பானியச் சொற்கள் வந்தாலும் கதை நிற்காது.

ஆங்கிலம் தயங்கும் பிள்ளைக்கும் இதுவே எளிது என்பது என் எண்ணம். முழுக்கச் சிறு சிறு வரிகளில் கவிதையாக ஓடுகிறது, பக்கத்தில் வெற்றிடமே அதிகம். ஒலிநூலும் இருக்கிறது, இரண்டு பெண்களுக்கும் தனித்தனிக் குரல், அதில் ஒன்று அசெவெடோவுடையது. படிக்க மனசு ஓடாத நாட்களில் போனில் போட்டுக் கேட்டுக்கொள்ளட்டும்.