ஓடுபாதையை நீட்டுவதா, இருப்பதை வைத்து ஓட்டுவதா?

எங்கள் விமான நிலைய நிர்வாகக் குழுவின் மேசைமேல் அன்று இரண்டு வரைபடங்கள் விரிந்து கிடந்தன. ஒன்றில் 1,600 மீட்டர் ஓடுபாதை 2,200 மீட்டராக நீண்டிருந்தது. விமானங்கள் நிற்கும் தளமான ஏப்ரனில் ஏர்பஸ் ஏ320 ஜெட் ஒன்று கம்பீரமாக நின்றது. இன்னொன்றில் அதே பழைய ஓடுபாதைதான். மேலே புதுத் தார், ஏடிஆர் 72 நிற்க கூடுதலாக ஓர் இடம், அவ்வளவே. எல்லோரும் முதல் படத்தைச் சுற்றித்தான் நின்றார்கள். பார்க்க அழகாகவும் இருந்தது. மூன்று கூட்டங்கள் கழித்து இரண்டாவதைத் தேர்ந்தோம். அதற்குக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன், இன்றும் அந்தப் பக்கம்தான். ஆகவே இதை நடுநிலையான அலசல் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தெரிந்த விஷயங்களைச் சட்டென்று கடந்துவிடுவோம். ஜெட் வேகமாகப் போகும், ஆட்டம் குறைவு, தூரத்து நகரங்களுக்கு நேரடியாகப் போகலாம், ஓர் இருக்கைக்கு ஆகும் செலவும் குறைவு. ஏடிஆர் போல விசிறி சுழன்று பறக்கும் டர்போபிராப் மெதுவாகப் போகும். ஏடிஆர் மணிக்கு 500 கிலோமீட்டரைத் தொட்டாலே பெரிய விஷயம். ஆனால் 300, 400 கிலோமீட்டர் தூரத்துக்கு இந்த வேக வித்தியாசம் கால் மணி நேரத்தைத் தாண்டாது. எரிபொருளும் கணிசமாக மிச்சம். பயணம் 800 கிலோமீட்டரைத் தாண்டுமானால் ஜெட்டோடு வாதாடிப் பயனில்லை. ஒன்பது முதல் பத்தொன்பது பேர் ஏறும் சின்ன விமானங்கள் மூன்றாவது வழி. தீவுகளுக்கும் மலை ஊர்களுக்கும் அவை உயிர்நாடி. எங்கள் கேள்விக்கு அவை விடையாக இல்லை.

இனி, கூட்டத்தில் யாரும் போட்டுப் பார்க்காத ஒரு சின்னக் கணக்கு. 180 இருக்கை ஜெட் வாரம் மூன்று முறை வந்தால் 540 இருக்கை. 70 இருக்கை ஏடிஆர் தினமும் ஒரு முறை வந்தால் 490. ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் ஊர்க்காரர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றல்ல. திங்கள் காலை பெரிய மருத்துவமனைக்குப் போனவர் செவ்வாய் திரும்ப வேண்டும் என்றால் வாரம் மூன்று நாள் சேவை அவருக்கு உதவாது. அவர் ரயிலிலோ காரிலோ போய்விடுவார். ஒருமுறை அப்படிப் போனவர் பிறகு விமான அட்டவணையைப் பார்ப்பதையே விட்டுவிடுவார். டெர்மினலுக்கும் இதே கதை. 180 பேர் ஒரே நேரத்தில் வந்து நிற்கும் அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் சோதனைக் கருவி, பெட்டி வரும் பெல்ட், கழிப்பறை, வாகன நிறுத்தம் எல்லாவற்றையும் அளவெடுத்துக் கட்டுகிறோம். மற்ற நேரமெல்லாம் அந்தக் கூடம் காலி. விளக்கும் ஏசியும் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

இவையெல்லாம் துணைக் காரணங்கள். என் மனத்தைத் தீர்மானித்தது வேறு ஒன்று: பராமரிப்பு. குறிப்பாக, தார்ப் பரப்பு.

ஓடுபாதையை நீட்டுவது என்றால் நீளத்தை மட்டும் கூட்டுவது என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விமான நிலைய விதிகளைச் சொல்லும் 14ஆம் இணைப்பைப் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போட்ட பிறகுதான் உறைத்தது. எங்களுடையது குறியீட்டு எண் 3. 1,200 மீட்டரிலிருந்து 1,800க்குக் கீழே உள்ள வகை. ஏடிஆர் போன்ற விமானத்துக்கு அங்கே 30 மீட்டர் அகலம் போதும். 1,800ஐத் தொட்டு, ஏ320 போன்ற விமானத்துக்காகத் திட்டமிட்டால் குறியீடு 4 ஆகிறது. அகலம் 45 மீட்டர் ஆகிறது. இப்போது பெருக்கிப் பாருங்கள். 1,600 தரம் 30, அதாவது 48,000 சதுர மீட்டர். 2,200 தரம் 45, அதாவது 99,000 சதுர மீட்டர். நீளம் கூடுவது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். பரப்போ இரண்டு மடங்கைத் தாண்டிவிடுகிறது. விமானம் ஊர்ந்து போகும் டாக்ஸிவே, ஏப்ரன், ஓடுபாதை முனைக்கு அப்பால் விட வேண்டிய பாதுகாப்புப் பகுதி எதையும் நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

கட்டுவதற்கு மானியம் கிடைக்கும். அரசு தரும், திறப்பு விழாவும் நடக்கும். பதினைந்து ஆண்டு கழித்து அந்த 99,000 சதுர மீட்டருக்கும் மறுபடி மேல்தளம் போட வேண்டிவரும்போது விழாவும் இருக்காது, மானியமும் சந்தேகம். அதற்கு இடையில் ஒவ்வோர் ஆண்டும் விரிசல் அடைப்பது, சக்கரம் தொடும் இடத்தில் படியும் ரப்பரைச் சுரண்டி எடுப்பது, உராய்வு அளப்பது, வெள்ளைக் கோடு போடுவது, ஓரத்துப் புல் வெட்டுவது. இவற்றில் பெரும்பாலானவை பரப்பைப் பொறுத்து ஏறும் செலவுகள். எத்தனை விமானம் வருகிறது என்று தார் கேட்பதில்லை. வெயிலும் மழையும் போதும், அது பாட்டுக்கு விரியும்.

காலையில் முதல் விமானத்துக்கு முன் ஓடுபாதைச் சோதனைக்குப் போனவர்களுக்கு இது தெரியும். வண்டியில் போய்க்கொண்டே பார்த்தால் எல்லாம் கறுப்பாக, நன்றாகத்தான் இருக்கும். இறங்கி நடந்தால்தான் மயிரிழை விரிசல் கண்ணில் படும். பேனாக்கத்தி நுனியை விட்டு லேசாக நெம்பினால், கட்டைவிரல் நகம் அளவு ஜல்லி ஒன்று கையோடு வந்துவிடும். அந்த ஜல்லியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்கு வந்து மேசையில் வைப்பேன். விசிறியிலோ எஞ்சினிலோ போயிருக்க வேண்டியது அது. டர்போபிராப்பின் விசிறி நுனியில் பள்ளம் விழுந்தால் சில நேரம் ராவிச் சரிசெய்துவிடலாம். தாழ்வாகத் தொங்கும் ஜெட் எஞ்சின் அதை உள்ளே இழுத்துக்கொண்டால் கதை வேறு. மேடைப் பேச்சில் யாரும் இந்த ஜல்லியைக் குறிப்பிடுவதில்லை.

பாரம் இன்னொரு பக்கம். ஏடிஆர் 72இன் உச்ச எடை ஏறத்தாழ 23 டன். ஏ320க்கு 78 டன் அளவில். இரண்டுக்கும் முதன்மைச் சக்கரங்கள் நாலே நாலுதான். அப்படியானால் ஏடிஆரின் ஒரு சக்கரம் தரையில் இறக்குவது ஐந்தரை டன். ஏ320 இறக்குவது 18 டன்னை ஒட்டி. டயர் அழுத்தமும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆகவே பழைய 1,600 மீட்டரை அப்படியே விட்டுவிட்டு நுனியில் 600 மீட்டரை ஒட்டவைக்க முடியாது. பழையதன் அடித்தளத்தையும் பலப்படுத்த வேண்டும். பழையதும் புதியதும் சேரும் இடம் பெரும்பாலும் தனியாக ஒரு தலைவலி. இரண்டு மண்ணும் ஒரே வேகத்தில் அமுங்காது. அந்தக் கோட்டில்தான் தண்ணீர் முதலில் இறங்கும்.

தீயணைப்பைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாதச் சம்பளம் அங்கேதான் போகிறது. விமானத்தின் நீளத்தை வைத்துத்தான் தீயணைப்பு வகை முடிவாகிறது. ஏடிஆர் 72, 27 மீட்டர் சொச்சம்: வகை 5, ஒரு வண்டி, 5,400 லிட்டர் தண்ணீர். ஏ320, 37.6 மீட்டர்: வகை 6, இரண்டு வண்டி, 7,900 லிட்டர். போயிங் 737-800 அதைவிட இரண்டே மீட்டர்தான் கூடுதல், ஆனால் 39ஐத் தாண்டிவிடுவதால் வகை 7, 12,100 லிட்டர். இரண்டு மீட்டருக்காக 4,200 லிட்டர்! ஜெட் ஆதரவாளர்கள் இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் வைப்பார்கள்: பரபரப்பான மூன்று மாதங்களில் அந்த வகை விமானங்களின் வருகை, புறப்பாடு 700க்குக் கீழே இருந்தால் ஒரு வகை குறைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. சரிதான். ஆனால் அந்தச் சலுகை ஏடிஆருக்கும் உண்டு. மேலும், வளர வேண்டும் என்று நீட்டிவிட்டு, வளராமல் இருந்தால் கிடைக்கும் சலுகையை நம்பி வரவுசெலவு போடுவது எனக்கு விசித்திரமாகப் படுகிறது.

பெரிதாகக் கட்டினால் வருவார்கள் என்பதற்கு எதிரான உதாரணம் ஸ்பெயினின் சியுதாத் ரியால் விமான நிலையம். 2008இல் திறந்தது, செலவு 100 கோடி யூரோவுக்கு மேல், ஓடுபாதை நாலு கிலோமீட்டர். 2011இலேயே பயணிகள் விமானம் நின்றது, மறு ஆண்டு மூடினார்கள். 2015 ஏலத்தில் 10,000 யூரோவுக்கு ஒரு கேட்பு வந்தது. செயின்ட் ஹெலினா தீவின் கதை இன்னும் நுட்பமானது. 1,950 மீட்டர் ஓடுபாதை. 2016இல் 737-800ஐ வைத்துச் சோதித்தபோது ஒரு முனையில் காற்று தாறுமாறாகத் திரும்புவது தெரிந்தது. வாராந்திர சேவை 2017 அக்டோபரில் தொடங்கியபோது வந்தது அதைவிடச் சிறிய ஜெட்டான எம்ப்ரேயர் 190, அதுவும் எல்லா இருக்கையையும் நிரப்பாமல். மறுபக்கம் லண்டன் சிட்டி விமான நிலையம்: 1987இல் திறந்தது, ஓடுபாதை 1,508 மீட்டர்தான். ஆனாலும் காலப்போக்கில் எம்ப்ரேயர் 190, ஏ220-100 போன்ற ஜெட்டுகளே அந்த நீளத்துக்கு ஏற்றபடி வந்து சேர்ந்தன. நகரத்தின் நிதி மையம் பக்கத்தில் இருக்கும் அதிர்ஷ்டம் எல்லோருக்கும் வாய்க்காது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இனி என் பக்கத்து ஓட்டைகள். டர்போபிராப்பை நம்புவது என்றால் கிட்டத்தட்ட ஒரே ஒரு தயாரிப்பாளரை நம்புவது. ஏடிஆரின் போட்டியாளரான டேஷ் 8-400இன் உற்பத்தி 2021இல் நின்றது. 800 மீட்டர் ஓடுபாதைக்கென்று அறிவித்த ஏடிஆர் 42-600எஸ் திட்டத்தை 2024 நவம்பரில் ஏடிஆர் நிறுவனமே கைவிட்டது. இருபது ஆண்டு கழித்து இந்த வகை விமானத்தை யார் ஓட்டுவார்கள் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. இரண்டாவது, கட்டணம். சின்ன விமானத்தில் டிக்கெட் மலிவாக இருக்காது; குடும்பத்தோடு போகிறவர்கள் முணுமுணுக்கிறார்கள், அவர்கள் சொல்வதில் தவறில்லை. சுற்றுலாவையே நம்பியிருக்கும் ஊர், வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் நிறைந்த ஊர் என்றால் என் வாதம் பாதி அடிபட்டுவிடும். அங்கே மக்கள் கேட்பது தினசரி சேவையை அல்ல, மலிவான தூரப் பயணத்தை.

தினசரி ஜெட் வரும் நிலையத்தை நான் நடத்தியதில்லை. எரிபொருள் குறைவாக ஏற்றி, ஆள் குறைத்து ஒரு பருவம் மட்டும் சிறிய வாடகை ஜெட்டுகள் வந்து போனதைக் கையாண்டிருக்கிறேன், அவ்வளவே. ஆகவே ரப்பர் படிவு எவ்வளவு வேகத்தில் சேரும், இரண்டாவது வண்டிக்கு ஆள் வைத்தால் விடுப்பு அட்டவணை எப்படி மாறும் என்பதெல்லாம் மற்ற நிலையங்களின் ஆட்களோடு பேசித் தெரிந்துகொண்டவை. விமானப் போக்குவரத்தைத் தூரத்திலிருந்தே கட்டுப்படுத்தும் தொலைநிலைக் கோபுரம் பற்றியும் அப்படியே. 2015இல் ஸ்வீடனில் ஓர்ன்ஷோல்ட்ஸ்விக் நிலையத்தை 100 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த மையத்திலிருந்து கேமரா வழியாக இயக்கத் தொடங்கினார்கள். இரண்டு, மூன்று சின்ன நிலையங்கள் ஒரு கட்டுப்பாட்டு அறையைப் பகிர்ந்தால் சம்பளச் சுமை குறையும் என்று தோன்றுகிறது. கையால் தொட்டுப் பார்க்காததால் அதற்கு மேல் பேசமாட்டேன்.

எங்கள் தேர்வின் சோதனை நாலாவது ஆண்டில் வந்தது. சேவை நடத்திய நிறுவனம் ஒரு விமானத்தை வேறு தடத்துக்கு மாற்றிக்கொண்டு, ஆறு வார அவகாசத்தில் கிளம்பிவிட்டது. அடுத்த நிறுவனம் வர ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதமும் நிலையம் மூடவில்லை. நோயாளிகளை ஏற்றிச்செல்லும் விமானம் வந்தது, பயிற்சிப் பள்ளி வந்தது, காட்டுத்தீப் பருவத்தில் தண்ணீர் கொட்டும் விமானங்கள் வந்தன. அவற்றில் எதற்கும் 2,200 மீட்டர் தேவைப்படவில்லை. வருமானம் குறைந்தது, ஆனால் செலவும் கைக்கு அடங்கியிருந்தது. இருமடங்கு தாரையும் இரண்டு வண்டிகளையும் வைத்துக்கொண்டு அந்த ஏழு மாதத்தைக் கடந்திருப்போமா என்று அடிக்கடி நினைப்பேன்.

முதல் வரைபடத்தைக் கிழித்துப் போடவில்லை. மேற்கு முனைக்கு அப்பால் நீட்டிப்புக்கான நிலத்தை விற்காமல் வைத்திருக்கிறோம். கிடங்கு கட்ட இரண்டு பேர் கேட்டார்கள், குத்தகைக்கு மேய்ச்சல் மட்டும் விட்டோம். ஓடுபாதை முனை நகர்ந்தால் விமானம் இறங்கும் சரிவும் அதோடு நகரும், அதனால் எதிர்காலச் சரிவையும் நகர் திட்டமிடல் அலுவலகத்தில் இப்போதே பதிந்து வைத்திருக்கிறோம். போன மாதம் அந்தச் சரிவுக்குக் கீழே செல்போன் கோபுரம் ஒன்றுக்கு விண்ணப்பம் வந்தது. பதினொரு மீட்டர் உயரம் அதிகம். ஆட்சேபக் கடிதத்தை நான்தான் எழுதினேன்.