ரோஸ்மேரி எண்ணெயும் கரிசாலைத் தைலமும்: நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பிறகு

எனக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டவில்லை. வகிடு மட்டும் வருடத்துக்கு வருடம் அகலமாகிக்கொண்டே வந்தது. தோல் மருத்துவர் தைராய்டு, இரும்புச்சத்து இரண்டையும் பரிசோதிக்கச் சொன்னார். இரண்டுமே சரியாக இருந்தன. பரம்பரையாக வரும் முடி மெலிதல் என்றார். முடி வளரத் தலையில் தடவும் மருந்தான மினாக்ஸிடில் தொடங்கினால் விடாமல் போட வேண்டும் என்பதால், முதலில் மூலிகையைப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். ஆறு மாதம் பாருங்கள் என்றார்.

ரோஸ்மேரியைத் தேர்ந்தெடுக்கக் காரணம், 2015இல் வெளியான ஈரான் ஆய்வு. 100 பேரில் பாதிப் பேருக்கு ரோஸ்மேரி எண்ணெய், மீதிப் பேருக்கு 2% மினாக்ஸிடில். மூன்றாம் மாதத்தில் இரு பக்கமும் சொல்லும்படி மாற்றமில்லை. ஆறாம் மாதத்தில் இரண்டிலும் முடி கூடியிருந்தது. ‘மினாக்ஸிடிலுக்கு நிகர்’ என்ற விளம்பரமெல்லாம் இதை வைத்துத்தான். ஆனால் ஒப்பிட்டது 2% மருந்தோடு. இன்று பலரும் வாங்கும் 5% மருந்தோடு அல்ல. மருந்தில்லாத வெறும் எண்ணெய் தடவிய குழுவும் அதில் கிடையாது. எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது கால அளவுதான். தெரிந்தவர்களில் பலர் இரண்டாம் மாதமே பாட்டிலை ஓரங்கட்டிவிடுகிறார்கள்.

நீலகிரியில் காய்ச்சி வடித்த ரோஸ்மேரி எண்ணெய் வாங்கினேன். ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெய்க்கு இரண்டு சொட்டு. அப்படியே தடவினால் தோல் எரியும், யாரும் செய்ய வேண்டாம். வாரத்தில் சில இரவுகள் வகிட்டை ஒட்டித் தேய்த்து, காலையில் அலசிவிடுவேன். அரை வருடம் கழித்து, அதே ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நெற்றி ஓரத்தில் பூனை முடி எழும்பியிருந்தது. வகிடு மேலும் அகலவில்லை. பழைய அடர்த்தி மட்டும் வரவில்லை. வகிடு அதே இடத்தில் நின்றதே எனக்குப் பெரிய நிம்மதி.

கரிசாலைத் தைலம், அதாவது கரிசலாங்கண்ணி எண்ணெய், அம்மா காய்ச்சுவது. இரும்புச் சட்டியில் சாறும் எண்ணெயும் கொதித்து, திரியை நனைத்துக் கொளுத்தினால் சடசடக்காமல் எரிய வேண்டும். அதுதான் ஈரம் போனதற்கு அடையாளம். ஈரம் நின்றால் தைலம் கெட்டுவிடும். எலிகளில் நடந்த ஆய்வுகளில் கரிசாலை முடி வளர்ச்சிக் கட்டத்தைத் தூண்டியிருக்கிறது. மனிதர்களிடம் அந்த அளவுக்கு ஆதாரம் இல்லை. என் தலையில் முடி உடைவது குறைந்தது, சிக்கு குறைந்தது. புதிதாக எதுவும் முளைத்ததாகச் சொல்ல மாட்டேன். அப்புறம், பொடுகு இருக்கும்போது இரவெல்லாம் எண்ணெய் ஊறவைத்தால் அரிப்பு கூடுகிறது.

வெங்காயச் சாற்றை நான் தொடவே இல்லை. 2002இல் பாக்தாத் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில் அதற்கு நல்ல பலன் தெரிந்தது உண்மை. ஆனால் அது புழுவெட்டுக்கு. நம் ஊரிலும் பெரியவர்கள் சின்ன வெங்காயத்தைத் தேய்க்கச் சொல்வது வட்டமாக முடி உதிர்ந்த இடத்தில்தானே. என்னுடையது வேறு.

என் தங்கைக்கு டெங்கு வந்து மூன்றாம் மாதம் முடி கொட்டியது. விலை கூடிய மூலிகை எண்ணெய் வாங்கினாள், முடி திரும்ப வந்தது. காய்ச்சலுக்குப் பின் கொட்டும் முடி பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே வந்துவிடும். அதனால் அந்த எண்ணெயை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

ரோஸ்மேரியை இன்னும் விடவில்லை. படங்களும் தொடர்ந்து எடுக்கிறேன். வகிடு மறுபடி அகலத் தொடங்கினால் மினாக்ஸிடிலுக்கு மாறுவதாக மருத்துவரிடம் பேசி வைத்திருக்கிறேன்.